பார்வோனின் மனதைக் கடினப்படுத்தியது யார்? சுயவிருப்பம் பற்றிய ஆதிக் கிறிஸ்தவச் சண்டை, அடிப்படையிலிருந்து

2025 மே 8-ம் தேதி போப்பாகத் தேர்வான பதினான்காம் லியோ, மாடத்தில் நின்று பேசிய முதல் பேச்சிலேயே தன்னை, 4-5-ம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினாரின் மகன் என்று சொல்லிக்கொண்டார். அவர் அகுஸ்தினார் சபைத் துறவி, அந்தச் சபையின் உலகத் தலைவராக 2001 முதல் 2013 வரை இருந்தவர், அதனால் அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அகுஸ்தினார் யார் என்று தேடிப் படித்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும். மனிதனுக்குச் சுயவிருப்பம் இருந்தும் பிரயோஜனமில்லை என்று சொன்னவர் அவர் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். சுயவிருப்பத்தைக் காப்பாற்றத் தனிப் புத்தகமே எழுதியவர் அவர் என்று இன்னொரு பக்கம் எழுதுகிறார்கள். இரண்டுமே ஓரளவு உண்மை.

இதற்கு முன்பு 2018-ல், போப் பிரான்சிஸ் புனித வாழ்வு பற்றி எழுதிய அறிவுரை மடலில் இன்றைய திருச்சபையைப் பிடித்திருக்கும் இரண்டு நோய்களாக மறைவான அறிவே மீட்கும் என்னும் நாஸ்டிக் போக்கையும், சொந்த முயற்சியே போதும் என்னும் பெலாஜியப் போக்கையும் சொன்னார். இரண்டும் 1,600 ஆண்டுகளுக்கும் மேல் பழைய பெயர்கள். அவை எங்கிருந்து வந்தன, ஏன் இன்னும் திட்டுச் சொல்லாகப் புழங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஆதிக் கிறிஸ்தவர்கள் பைபிளை எப்படிப் படித்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால், வெளியே இது 'மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா' என்ற தத்துவச் சண்டை மாதிரித் தெரிந்தாலும், உள்ளே நடந்தது வேறு: ஒன்றோடொன்று மோதும் வசனங்களில் எதை நேராகப் படிப்பது, எதை மற்றதுக்கு ஏற்ப வளைத்துப் படிப்பது என்ற சண்டை. இரு தரப்புமே வளைத்தது, இடம்தான் வேறு.

முதலில் நான்கு சொற்கள்

1. சுயவிருப்பம்: நல்லதையோ கெட்டதையோ தேர்ந்தெடுக்கும் திறன் மனிதன் கையில் இருக்கிறது என்பது. தமிழ்க் கிறிஸ்தவ எழுத்துகளில் 'சுயாதீனச் சித்தம்', 'சுயசித்தம்' என்றும் பார்க்கலாம்.

2. கிருபை: தகுதி பார்க்காமல் கடவுள் தரும் உதவி. கத்தோலிக்கர் 'அருள்' என்பார்கள். உதவி உண்டா இல்லையா என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அது எப்போது ஆரம்பிக்கிறது, மனிதன் விரும்பிய பிறகா, விரும்புவதற்கே முன்பா என்பதில்தான் சண்டை முழுவதும்.

3. முன்குறித்தல்: யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்திருப்பது. முன்பே அறிந்திருப்பது வேறு, முன்பே தீர்மானிப்பது வேறு. பல வாதங்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதாலேயே முடியாமல் இழுத்துக்கொண்டு போகும்.

4. ஜென்மப் பாவம்: ஆதாமின் வீழ்ச்சியால் அவன் சந்ததி முழுவதற்கும் வந்த கேடு. கேடு மட்டும் வந்ததா, குற்றமும் சேர்ந்து வந்ததா என்பது பெரிய கேள்வி.

வேதத்துக்குள்ளேயே கிடக்கும் முடிச்சு

உபாகமம் 30:19-ல் மோசே ஜனங்களுக்கு முன் ஜீவனையும் மரணத்தையும் வைத்து, ஜீவனைத் தெரிந்துகொள் என்கிறார். தேர்ந்தெடுக்க முடியாதவனிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கட்டளைகள், எச்சரிக்கைகள், தீர்க்கதரிசிகளின் கெஞ்சல்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. 1 தீமோத்தேயு 2:4 இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா மனிதரும் மீட்கப்பட வேண்டும் என்று கடவுள் விரும்புகிறார் என்கிறது.

சரி, இப்போது யாத்திராகமம் 4:21. அடிமைகளாக இருக்கும் இஸ்ரவேலரை விடும்படி எகிப்து அரசன் பார்வோனிடம் கேட்க மோசே போகிறார்; அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே கடவுள் சொல்லிவிடுகிறார், 'நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்' என்று. பார்வோனின் மனதைக் கடவுளே இறுக்கிவிட்டு, அவன் கேட்கவில்லை என்று அவன் நாட்டின் மேலேயே வாதைகளையும் அனுப்பினால் அது என்ன நியாயம்? அதே கதையில் 8:15-ல் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று வருகிறது, 9:12-ல் மறுபடி கடவுள் கடினப்படுத்தினார் என்று வருகிறது. அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய மடலின் 9-ம் அதிகாரத்தில் (ரோமர் 9) இந்தப் பார்வோனையே உதாரணமாக எடுத்து, கடவுள் விரும்பியவன்மேல் இரங்குகிறார், விரும்பியவனைக் கடினப்படுத்துகிறார் என்று எழுதிவிட்டு, ரெபெக்காளின் வயிற்றில் இருந்த யாக்கோபும் ஏசாவும் நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்பே ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பதையும் சேர்த்து, களிமண்ணிடம் குயவனுக்கு அதிகாரம் இல்லையா என்று கேட்டு முடிக்கிறார்.

ரோமர் 9-ஐ எப்படிப் படிக்கிறோம் என்பதை வைத்தே பின்னால் சபைகள் பிரிந்தன என்று சொன்னால் அது அவ்வளவு பெரிய மிகை இல்லை.

முதல் 200 ஆண்டுகள்: எதிரி, விதி

இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ரோமப் பேரரசில் நட்சத்திரமும் விதியும்தான் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கிறது என்ற நம்பிக்கை ஊறிக் கிடந்தது. அதற்கு எதிராகத்தான் கிறிஸ்தவத்துக்காக வாதாடிய அறிஞர் ஜஸ்டின் 150-களில் எழுதிய முதல் விண்ணப்பத்தில் வாதாடுகிறார்: எல்லாம் விதிப்படி என்றால் ஒருவனைப் பாராட்டவும் முடியாது, இன்னொருவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆதாரமாக அவர் எடுப்பது மேலே சொன்ன உபாகமம் 30. லியோன் நகர ஆயர் இரேனியுஸ் 180 வாக்கில் இதையே இன்னும் விரிவாகச் சொன்னார். அந்தக் காலத்துத் திருச்சபைத் தலைவர்களில் சுயவிருப்பத்தைச் சந்தேகித்தவரைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

வெளியே இருந்த விதிவாதத்தைவிட உள்ளேயிருந்து வந்த இரண்டு கூட்டங்கள்தான் அவர்களை அதிகம் படுத்தின:

1. வாலன்டைனின் வழிவந்த நாஸ்டிக்குகள். மனிதர்கள் மூன்று வகை என்றார்கள்: ஆவிக்குரியவர், ஆன்மாவுக்குரியவர், மண்ணுக்குரியவர். முதல் வகை எப்படியும் மீட்கப்படும், கடைசி வகை எப்படியும் அழியும், நடுவில் இருப்பவருக்கு மட்டுமே தேர்வு. பார்வோன் கடைசி வகை, அவ்வளவுதான் கதை முடிந்தது.

2. மார்சியனின் கூட்டம். மனதை இறுக்கித் தண்டிக்கும் பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசுவின் அன்பான தந்தை வேறு என்றார்கள். பார்வோன் கதை அவர்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி.

ஆகவே பார்வோனைப் பற்றிச் சரியான பதில் சொல்லாவிட்டால் பாதி பைபிளையே விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. அந்தப் பதிலைச் சொன்னவர் ஓரிஜென்.

ஓரிஜென் பார்வோனைப் படித்த விதம்

ஓரிஜென் 185 வாக்கில் பிறந்தவர். அலெக்சாந்திரியாவில் கற்பித்து, பின்பு பாலஸ்தீனத்தின் செசரியாவுக்குப் போனவர். 'முதற்கொள்கைகள்' என்ற நூலின் மூன்றாம் பகுதி, முதல் அதிகாரம் முழுவதையும் சுயவிருப்பத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். சுயவிருப்பத்துக்கு எதிராகக் காட்டப்படும் வசனங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்: பார்வோன், கல்லான இருதயத்தை எடுத்துவிடுவேன் என்னும் எசேக்கியேல், மனம் திரும்பாதபடிக்கே உவமைகளாகப் பேசுகிறேன் என்பதுபோல் ஒலிக்கும் மாற்கு 4:12, பிலிப்பியர் 2:13, ரோமர் 9. ஒன்றையும் ஒளிக்கவில்லை. இந்தத் தைரியத்துக்காகவே அந்த அதிகாரத்தைப் படிக்கலாம்.

பார்வோன் விஷயத்தில் அவர் வாதம் இப்படிப் போகிறது:

1. பார்வோன் பிறவியிலேயே அழிவுக்குரியவன் என்றால் கடவுள் அவன் மனதைக் கடினப்படுத்த வேண்டிய அவசியமே இல்லையே? ஏற்கெனவே கல்லாக இருப்பதை எதற்குக் கல்லாக்குவது? அவன் கீழ்ப்படிந்திருக்கவும் முடியும் என்றால்தான் 'கடினப்படுத்துவேன்' என்ற பேச்சுக்கே அர்த்தம். நாஸ்டிக்குகள் காட்டிய வசனத்தை அவர்களுக்கே எதிராகத் திருப்புகிறார். இந்த அதிகாரத்திலேயே கூர்மையான இடம் இதுதான் என்பது என் கருத்து.

2. செயல் ஒன்று, விளைவு இரண்டு. எபிரெயர் 6-ல் ஒரே மழை ஒரு நிலத்தில் பயிரையும் இன்னொரு நிலத்தில் முள்ளையும் வளர்க்கிறது. ஒரே வெயில் மெழுகை உருக்குகிறது, சேற்றை இறுக்குகிறது. கடவுள் செய்தது அற்புதங்கள் மட்டும். அதைப் பார்த்து இளகியவர்களும் உண்டு, இறுகியவன் பார்வோன்.

3. பேச்சு வழக்கு என்று ஒன்று இருக்கிறது. இரக்கமுள்ள எஜமான் கெட்டுப்போன வேலைக்காரனைப் பார்த்து 'உன்னைக் கெடுத்ததே நான்தான்' என்பார். அவர் கெடுக்கவில்லை, அவர் பொறுமையை இவன் தப்பாகப் பயன்படுத்தினான்.

4. கடைசியாக மருத்துவர் உதாரணம். சில காயத்தை உடனே மூடாமல் உள்ளே இருக்கும் சீழ் வெளியே வரட்டும் என்று மருத்துவர் விட்டுவைப்பார். கடவுள் ஆன்மாவை இந்த ஐம்பது வருட வாழ்க்கையை மட்டும் கணக்கில் வைத்து நடத்துவதில்லை, முடிவில்லாத காலத்தை வைத்து நடத்துகிறார் என்கிறார் ஓரிஜென். பார்வோனுக்குக்கூடக் கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை என்பது அவர் நினைப்பு.

குயவன் வசனத்துக்கு வரும்போது அவர் முறை இன்னும் தெளிவாகத் தெரியும். ரோமர் 9-ல் கனமான பாத்திரத்தையும் கனவீனமான பாத்திரத்தையும் செய்வது குயவன். ஆனால் 2 தீமோத்தேயு 2:21-ல், ஒருவன் தன்னைச் சுத்தப்படுத்திக்கொண்டால் அவன் கனத்துக்குரிய பாத்திரமாவான் என்று வருகிறது. பவுலைப் பவுலை வைத்தே படி என்கிறார். இரண்டையும் சேர்த்தால், குயவன் செய்வது களிமண் தன்னை எப்படி வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது.

ஓரிஜென் என்றதும் எல்லோரும் உருவகம், மறைபொருள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேதத்துக்கு உடல், ஆன்மா, ஆவி என்று மூன்று மட்டத்தில் பொருள் உண்டு என்று அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் பார்வோன் விளக்கத்தில் உருவகத்துக்கு வேலையே இல்லை. வசனத்தோடு வசனத்தை ஒப்பிடுவது, பேசுகிறவர் எந்தத் தொனியில் பேசுகிறார் என்று கவனிப்பது, இவ்வளவுதான். ரோமர் நூலுக்கு எழுதிய உரையில் இன்னும் ஒரு உத்தியும் வருகிறது: 9-ம் அதிகாரத்தின் கடுமையான வரிகளைப் பவுலின் சொந்தக் குரலாக எடுக்காமல், எதிர்வாதம் செய்கிறவன் பேசுவதாக எடுக்கிறார். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகவே தோன்றுகிறது.

யாக்கோபு, ஏசா விஷயம்தான் அவரை மாட்டிவிட்டது. பிறப்பதற்கு முன்பே ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டது நியாயம் என்றால், பிறப்பதற்கு முன்பே அந்த ஆன்மாக்கள் ஏதோ செய்திருக்க வேண்டும். உடலுக்குள் வருவதற்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன, அங்கே நடந்துகொண்டதுக்கு ஏற்ப இங்கே நிலை கிடைத்தது என்று போனார். 543-ல் பேரரசர் ஜஸ்டினியன் இந்தக் கருத்துகளைக் கண்டித்து ஆணை போட்டார். 553-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய ஆயர்கள் சங்கத்திலும் கண்டனம் விழுந்தது. நூலின் கிரேக்க மூலத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது, 398 வாக்கில் ரூஃபினுஸ் செய்த லத்தீன் பெயர்ப்புதான் முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் சுயவிருப்பம் பற்றிய அதிகாரம் கிரேக்கத்திலேயே தப்பியது, ஏனென்றால் 'பிலோகாலியா' என்ற தொகுப்பில் அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆளைக் கண்டித்தாலும் அவருடைய பார்வோன் விளக்கத்தைக் கிழக்குத் திருச்சபை விடவில்லை. குயவன் உவமைக்குக் கான்ஸ்டான்டினோப்பிள் ஆயராக இருந்த ஜான் கிறிசோஸ்தம் சொன்னதும் இதே சாயல்தான்: கடவுளைக் கேள்வி கேட்காதே என்பதற்காகச் சொன்ன உவமை, உனக்கு விருப்பமே இல்லை என்பதற்காகச் சொன்னதில்லை.

அகுஸ்தினார் எங்கே திரும்பினார்

354-ல் தகாஸ்தே ஊரில் பிறந்தவர் அகுஸ்தினார். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது அந்த ஊர். இளமையில் சுமார் ஒன்பது வருடம் மனிக்கேயர் கூட்டத்தில் இருந்தார். நன்மையும் தீமையும் இரண்டு தனிச் சக்திகள், உன்னுள் பாவம் செய்வது அந்தத் தீய சக்தி என்பது அவர்கள் போதனை. பழைய ஏற்பாட்டைக் கேலி செய்வதும் அவர்கள் பழக்கம். மிலானில் ஆயர் அம்புரோஸ் பழைய ஏற்பாட்டுக் கதைகளை மறைபொருளாக விளக்கியதைக் கேட்டபோதுதான் இவருக்கு அந்தக் கேலி அடங்கியது. 'எழுத்து கொல்லும், ஆவியோ உயிர்ப்பிக்கும்' என்ற 2 கொரிந்தியர் 3:6-ஐ அம்புரோஸ் அடிக்கடி சொல்வார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மனிக்கேயர்களை விட்டு வந்தவர் அவர்களுக்கு எதிராக என்ன எழுதுவார்? 387-88-ல் தொடங்கி 395 வாக்கில் முடித்த 'சுயவிருப்பம்' நூல் அதுதான். தீமை கடவுளிடமிருந்து வரவில்லை, இன்னொரு சக்தியிடமிருந்தும் வரவில்லை, மனிதன் தன் விருப்பத்தைத் திருப்பிப் போட்டதால் வந்தது. இதுவரை அவர் ஜஸ்டினும் ஓரிஜெனும் நின்ற பக்கத்தில்தான் நிற்கிறார்.

396 வாக்கில், மிலானில் அம்புரோசுக்குப் பிறகு ஆயரான சிம்பிளிசியானுஸ் ரோமர் 9 பற்றி அவரிடம் கேள்வி அனுப்பினார். பதில் எழுத உட்கார்ந்தபோது அகுஸ்தினார் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார்:

1. யாக்கோபு செய்த நன்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டானா? பிறக்கவே இல்லை, செய்ய ஏதுமில்லை.

2. இவன் பின்னால் விசுவாசிப்பான் என்று கடவுள் முன்பே பார்த்தாரா? இரண்டு வருடம் முன்பு, 394-ல், அவரே இந்தப் பதிலைத்தான் சொல்லியிருந்தார். இப்போது தள்ளுகிறார். முன்பே பார்த்த விசுவாசத்துக்காகத் தேர்வு என்றால், முன்பே பார்த்த செயலுக்காகத் தேர்வு என்றும் சொல்லலாமே, பவுலின் பேச்சு முழுக்க வீணாகிவிடும்.

3. கடவுள் அழைக்கிறார், ஒத்துக்கொள்வது மனிதன் கையில் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால் 'விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்' என்பதைத் திருப்பிப்போட்டு, இரங்குகிற தேவனால் அல்ல, விரும்புகிற மனிதனால் என்றும் சொல்லிவிடலாம், ஏனென்றால் இருவரும் சேர்ந்தால்தானே காரியம் நடக்கிறது! அப்படி எந்தக் கிறிஸ்தவனும் சொல்லத் துணியமாட்டான். ஆகவே நல்லதை விரும்புவதையே கடவுள்தான் நமக்குள் உண்டாக்குகிறார்.

'உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?' என்ற 1 கொரிந்தியர் 4:7 இதற்கப்புறம் அவருக்குச் சாவி வசனம். சரி, ஏசாவுக்கு ஏன் அந்தக் கிருபை கிடைக்கவில்லை? ஆதாமுக்குப் பிறகு மனித இனம் முழுவதும் பாவத்தில் பிசைந்த ஒரே களிமண் உருண்டை, யாருக்கும் எதுவும் கடன் இல்லை, சிலருக்குத் தள்ளுபடி செய்கிறார், சிலருக்குச் செய்யவில்லை, ஏன் என்பது மறைவு. வாழ்க்கையின் கடைசியில், 426-27-ல், தன் எல்லா நூல்களையும் திரும்பப் பார்த்து எழுதியபோது இதைப் பற்றிச் சொன்னார்: மனித விருப்பத்தின் சுதந்திரத்துக்காகத்தான் பாடுபட்டேன், ஆனால் கிருபை ஜெயித்துவிட்டது.

பலர் நினைப்பதுபோல இந்தத் திருப்பம் பெலாஜியுசோடு சண்டை போட்டதால் வந்ததில்லை. அந்தச் சண்டைக்குப் பதினைந்து வருடம் முன்பே, ஒரு வேத வாசிப்புக் கேள்விக்குப் பதில் எழுதும்போதே நடந்துவிட்டது.

பெலாஜியுஸ்: வில்லனா?

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்து, அங்கிருந்த பணக்காரக் குடும்பங்களுக்குத் துறவு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவர் பெலாஜியுஸ். பெயருக்குக் கிறிஸ்தவராகி, பழையபடி வாழும் கனவான்களைப் பார்த்துக் கசந்தவர். அகுஸ்தினாரின் சுயசரிதை நூலில் வரும் 'நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்' என்ற ஜெபத்தை யாரோ சொல்லக் கேட்டுக் கொதித்துப்போனாராம். இதைச் சொன்னது அகுஸ்தினாரேதான். பெலாஜியுசின் கோபம் புரியக்கூடியது. கடவுள் தந்தால்தான் செய்ய முடியும் என்றால், செய்யாதவனுக்கு அதைவிட வசதியான சாக்கு வேறென்ன?

நன்மை செய்ய மூன்று வேண்டும் என்று பிரித்தார்: முடியும் என்பது, விரும்புவது, செய்து முடிப்பது. முதலாவது கடவுள் தந்தது, மற்ற இரண்டும் நம் பொறுப்பு. அவர் கிருபையை மறுக்கவில்லை. இயற்கையிலேயே தந்த சுயவிருப்பம், நியாயப்பிரமாணம், கிறிஸ்துவின் போதனையும் முன்மாதிரியும், பாவமன்னிப்பு, இவையே கிருபை என்றார். ஆதாமின் பாவம் பிறப்பால் தொற்றுவதில்லை, பார்த்துப் பழகுவதால் தொடர்கிறது என்பதும் அவர் வாதம். தன் பக்கத்துக்கு ஆதாரமாக அவர் மேற்கோள் காட்டியவற்றில் அகுஸ்தினாரின் 'சுயவிருப்பம்' நூலும் உண்டு! இதற்கு விளக்கம் சொல்லி அகுஸ்தினார் பல பக்கம் எழுத வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்தது வேகமாக:

1. 410-ல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடினார்கள். அந்தக் கலவரத்தில் பெலாஜியுசும் அவர் சீடர் செலஸ்தியுசும் ஆப்பிரிக்கா வந்தார்கள். பெலாஜியுஸ் பாலஸ்தீனம் போனார். செலஸ்தியுஸ் 411-ல் கார்த்தேஜில் கண்டிக்கப்பட்டார்.

2. 415 டிசம்பரில் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸ் சங்கம் பெலாஜியுசை விசாரித்துக் குற்றமில்லை என்று விட்டது. கிரேக்கம் பேசும் ஆயர்களுக்கு இவர் சொன்னதில் பெரிய தப்பு தெரியவில்லை. ஓரிஜென் வழியில் படித்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

3. 416-ல் ஆப்பிரிக்க ஆயர்கள் இரண்டு சங்கம் கூட்டிக் கண்டித்து ரோமுக்கு எழுத, 417 ஜனவரியில் போப் முதலாம் இன்னசென்ட் அதை ஏற்றார். சில வாரத்தில் அவர் இறந்தார். அடுத்த போப் சோசிமுஸ் அதே ஆண்டு தீர்ப்பைப் புரட்டினார்.

4. 418 ஏப்ரல் 30-ல் பேரரசர் ஹொனோரியுஸ் பெலாஜியர்களை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணை போட்டார், மறுநாள் மே 1-ல் கார்த்தேஜ் சங்கம் மறுபடி கண்டித்தது, சோசிமுசும் வழிக்கு வந்தார். கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் 18 பேர், அவர்களில் எக்லானும் ஊர் ஜூலியான்தான் அகுஸ்தினாரைக் கடைசிவரை விடாமல் துரத்தியவர். நீ இன்னும் மனிக்கேயன்தான் என்பது ஜூலியானின் குற்றச்சாட்டு.

வேத விளக்கத்தில் மூன்று இடங்கள் இந்தச் சண்டையின் மையம். ஒன்று, அம்புரோசிடம் கேட்ட 'எழுத்து கொல்லும்' வசனம். 412-ல் அகுஸ்தினார் அதற்கே ஒரு நூல் எழுதி, இது உருவகமாகப் படிப்பதைப் பற்றியது மட்டுமல்ல, கிருபை இல்லாத கட்டளை ஆளைக் கொல்லும் என்பதே முக்கியப் பொருள் என்றார். இரண்டு, ஒரே மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்னும் ரோமர் 5:12. அவர் கையில் இருந்த லத்தீன் வடிவம் எல்லோரும் ஆதாமுக்குள் பாவம் செய்ததாகப் படிக்க இடம் கொடுத்தது, ஆனால் ஜென்மப் பாவக் கொள்கை முழுவதும் அந்த ஒரு வரியில் தொங்குகிறது என்று சொல்வது சரியில்லை. அதைவிடப் பலமான ஆதாரம் அவருக்குக் கோயில் வழக்கத்திலேயே இருந்தது: குழந்தைகளுக்கும் பாவமன்னிப்புக்காக என்று சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது?

மூன்றாவது இடத்தில்தான் அவர் வளைக்க வேண்டியிருந்தது. எல்லா மனிதரும் மீட்கப்பட வேண்டும் என்று கடவுள் விரும்புகிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4. கடவுள் விரும்பியது நடந்தே தீரும், ஆனால் எல்லோரும் மீட்கப்படவில்லை, ஆகவே 'எல்லா மனிதரும்' என்றால் எல்லா வகை மனிதரும், அரசரும் ஏழையும், படித்தவரும் படிக்காதவரும் என்று பொருள் என்றார். ஓரிஜென் ரோமர் 9-க்குச் செய்ததை இவர் தீமோத்தேயுவுக்குச் செய்கிறார். இதைக் கவனித்துவிட்டால் இன்றுவரை நடக்கும் வாதங்களைப் பாதிக்கு மேல் புரிந்துகொள்ளலாம்.

நடுவில் நின்றவர்கள்

தெற்கு கால் நாட்டின் துறவிகளுக்கு, அதாவது இன்றைய பிரான்சின் தெற்குப் பகுதியில் இருந்தவர்களுக்கு, பெலாஜியுசும் பிடிக்கவில்லை, அகுஸ்தினார் போன எல்லையும் பிடிக்கவில்லை. எல்லாம் முன்பே தீர்மானம் என்றால் விடிய விடிய எழுந்து ஜெபிப்பது எதற்கு? மார்செய் நகரில் மடம் நடத்திய ஜான் கசியான் சொன்ன பதில் எளிமையானது: பைபிளே ஒரே மாதிரி காட்டவில்லை. பவுலையும் ஆயக்காரன் மத்தேயுவையும் கடவுள்தான் முதலில் இழுத்தார். ஆனால் மரத்தில் ஏறிய சகேயுவும் சிலுவையில் தொங்கிய கள்ளனும் தாங்களாகவே முதல் அடி வைத்தார்கள். ஆகவே சில சமயம் அவர் ஆரம்பிக்கிறார், சில சமயம் நாம்.

430 ஆகஸ்ட் 28-ல், வாண்டல் படை அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தினார் இறந்தார், ஜூலியானுக்கு எழுதிய மறுப்பு பாதியில் நின்றது. நூறு வருடம் கழித்து, 529-ல், ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தலைமையில் ஆரஞ்ச் என்ற ஊரில் கூடிய சங்கம் 25 விதிகள் போட்டது. விசுவாசத்தின் ஆரம்பமே கிருபைதான் என்று அகுஸ்தினார் பக்கம் சாய்ந்தது. அதே மூச்சில், தீமைக்கென்று கடவுள் யாரையாவது முன்குறித்தார் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்றும் சொன்னது.

கிழக்கில் இந்தச் சண்டையே இந்த வடிவில் நடக்கவில்லை. 431-ல் எபேசுஸ் சங்கம் செலஸ்தியுசைக் கண்டித்ததோடு சரி. ஆதாமிடமிருந்து சாவும் பலவீனமும் வந்தது, குற்றம் வரவில்லை என்பதே இன்றும் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பொதுப் பார்வை.

இதனால் பின்னால் என்ன ஆயிற்று

1. எராஸ்முசும் லூத்தரும். 1524-ல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்முஸ் சுயவிருப்பத்துக்காக எழுதியபோது பார்வோனுக்கு அவர் எடுத்த விளக்கம் ஓரிஜெனுடையது, மெழுகும் சேறும் உட்பட. 1525-ல் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் எழுதிய பதிலில் அந்த விளக்கத்தைக் கிழித்துப்போட்டார். லூத்தரும் அகுஸ்தினார் சபைத் துறவியாக இருந்தவர்தான்.

2. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், 1547. ஆதாமின் பாவத்தால் சுயவிருப்பம் பலவீனப்பட்டது, அணைந்துபோகவில்லை. கத்தோலிக்க நிலைப்பாடு இன்றும் இதுதான்.

3. கால்வினியர், அர்மினியர். கால்வினியருக்கு முன்குறித்தல் முக்கியம், அர்மினியருக்கு மனிதன் கிருபையை ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்பது. நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618-19-ல் கூடிய சங்கம் அர்மினியுசின் சீடர்களைக் கண்டித்தது. பின்னால் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் அர்மினிய வழியை எடுத்தார்கள். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் மெதடிஸ்டுகளும் கால்வின் மரபில் வந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் ஒன்றாகவே சேர்ந்தன. தமிழ்நாட்டில் ஒரே சபைக்குள் 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் இழந்துபோக முடியுமா' என்ற கேள்விக்கு இரண்டு பதில் கேட்டால் அது அந்தப் போதகரின் குழப்பம் மட்டுமில்லை, வேர் அவ்வளவு தூரம் போகிறது.

4. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள். அவர்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக லேசானது என்று அகுஸ்தினார் சொல்லிவிட்டுப் போனார். இடைக்காலத்தில் அதை மென்மையாக்க 'லிம்போ', அதாவது பரலோகமும் இல்லாத வேதனையும் இல்லாத ஒரு நிலை, என்ற கருத்து வந்தது. 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு என்று அறிக்கை தந்தது. அதில் அவர்கள் திரும்பப் போய் நின்ற வசனங்களில் ஒன்று 1 தீமோத்தேயு 2:4.

5. போப் பிரான்சிசின் திட்டு. அவர் பெலாஜியர் என்றது, விதிகளைக் கடைப்பிடித்தே தன்னைச் சரியாக்கிக்கொள்ளலாம், கிருபைக்கு இடம் பேச்சில் மட்டும் போதும் என்று நினைப்பவர்களை. அசல் பெலாஜியுஸ் இதைவிடக் கவனமாகப் பேசியவர், ஆனால் கண்டிக்கப்பட்டவரின் பெயருக்கு அப்படித்தான் ஆகும்.

6. கத்தோலிக்கருக்குள்ளேயே மிச்சம். கிருபை மனித விருப்பத்தோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறது என்று தொமினிக்கன் துறவிகளும் இயேசு சபையினரும் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ரோமில் பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. 1607-ல் போப் ஐந்தாம் பவுல் இரு தரப்பும் தங்கள் கருத்தைக் கற்பிக்கலாம், ஒருவரையொருவர் பதிதர் என்று சொல்லக் கூடாது, தீர்ப்பு தகுந்த நேரத்தில் வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். 1611-ல் இந்த விஷயம் பற்றி அனுமதி இல்லாமல் புத்தகம் போடவும் தடை வந்தது. அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.